ராணுவம் தயாரா என்று எதிர்க்கட்சி கேட்கலாமா? கிருபளானி கேட்டபோது நடந்தது

கேள்வி இதுதான்: எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் நாடாளுமன்றத்தில் எழுந்து, "நம் ராணுவம் போருக்குத் தயாராக இல்லை, ஒதுக்குகிற பணம் எங்கே போகிறது?" என்று கேட்டால் அது எதிரிக்குத் துப்புக் கொடுத்த மாதிரி ஆகாதா? அவருக்கு உள்விவரமெல்லாம் எங்கிருந்து கிடைக்கிறது? இப்படிக் கேட்டு இதுவரை எதாவது மாறியிருக்கிறதா?

இதற்குப் பொதுவாகப் பதில் சொன்னால் ஒருவர் ஜனநாயகம் என்பார், இன்னொருவர் தேசப்பற்று என்பார், பேச்சு அத்தோடு முடிந்துவிடும். அதனால் ஒரே ஒரு வழக்கை எடுத்துக்கொள்கிறேன். ஆச்சார்ய கிருபளானி, வி.கே. கிருஷ்ண மேனன், 1961, 62. நம் நாட்டில் ஒரு எதிர்க்கட்சி உறுப்பினர் பாதுகாப்பு அமைச்சரை நேருக்கு நேர் குற்றம் சாட்டி, அடுத்த ஆண்டே அவரை எதிர்த்துத் தேர்தலில் நின்று, தோற்று, தோற்ற எட்டே மாதத்தில் அவர் சொன்னதில் பெரும்பகுதி மலைச்சரிவில் நிரூபணமான கதை இது. எதிர்க்கட்சி கேட்டது சரி, அரசு கேட்கவில்லை, அதனால் தோற்றோம் என்று இதைச் சுருக்கிவிடலாம். பல பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

முதலில் ஆட்களைப் பற்றிக் கொஞ்சம். கிருபளானி காந்தியோடு சம்பாரண் போராட்டக் காலத்திலிருந்து இருந்தவர். சுதந்திரம் வந்த நேரத்தில் காங்கிரஸ் தலைவராக இருந்தவரே அவர்தான். பிறகு கட்சியை விட்டு விலகி எதிர்வரிசைக்குப் போனார். (அவர் மனைவி சுசேதா சில காலம் அவரோடு வெளியே போய்ப் பிறகு காங்கிரஸுக்கே திரும்பி, 1963-ல் உத்தரப் பிரதேச முதல்வர் ஆனார். அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அரசியல் பேசியிருப்பார்களா என்று நான் பல தடவை யோசித்ததுண்டு.) மேனன் நேருவின் நெருங்கிய நண்பர், லண்டனில் இந்தியத் தூதராக இருந்தவர், ஐ.நா.வில் காஷ்மீருக்காக மணிக்கணக்கில் பேசியவர். நாக்கு கூர்மை. கூடவே லண்டன் நாட்களிலேயே ராணுவத்துக்கு ஜீப் வாங்கிய விவகாரம் ஒன்று அவர் மேல் ஒட்டிக்கொண்டது. அரசு அந்தக் கோப்பை 1955-ல் மூடிவிட்டது, ஆனால் ஊர் வாய் மூடவில்லை. 1957 ஏப்ரலில் அவர் பாதுகாப்பு அமைச்சர் ஆனார்.

1959 முக்கியமான ஆண்டு. லடாக்கின் அக்சாய் சின் பகுதி வழியாகச் சீனா சாலை போட்டுவிட்டது என்பது அந்த ஆகஸ்டில்தான் நாடாளுமன்றத்துக்கே அதிகாரபூர்வமாகத் தெரிந்தது. அதே மாதம் கிழக்கே லோங்ஜூவில் துப்பாக்கிச் சூடு. அக்டோபரில் லடாக்கின் கோங்கா லா அருகே நம் போலீஸ்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நடுவில் ஆகஸ்ட் 31 அன்று ராணுவத் தளபதி திம்மையா ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். அமைச்சரோடு ஒத்துப்போக முடியவில்லை, பதவி உயர்வுகளில் தலையீடு என்பது பின்னணி. குறிப்பாக பி.எம். கௌல் என்ற அதிகாரியைத் தளபதியின் விருப்பத்துக்கு மாறாக மேலே கொண்டுவந்த விஷயம். நேரு பேசிச் சமாதானப்படுத்தி ராஜினாமாவைத் திரும்ப வாங்க வைத்தார். பிறகு நாடாளுமன்றத்தில், ராணுவத்துக்கு மேலே மக்கள் அரசுதான் என்று சொல்லி, தளபதியை லேசாகக் குட்டவும் செய்தார். கொள்கையாக அதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்ட மனிதருக்கு அது எப்படி இருந்திருக்கும்?

இந்தப் பின்னணியில்தான் 1961 ஏப்ரல் 11. மக்களவையில் பாதுகாப்புத் துறை பற்றிய விவாதம். கிருபளானிக்கு வயது 72. எழுந்து பேசியதன் சாரம்: இந்த அமைச்சர் ராணுவத்துக்குள் கோஷ்டிகளை வளர்த்துவிட்டார், தன் விருப்பு வெறுப்புக்கும் அரசியல் தேவைக்கும் ஏற்ப அதிகாரிகளை உயர்த்திப் படையின் மனவலிமையைக் குறைத்துவிட்டார், ஏழை நாட்டின் பணத்தை வீணடிக்கிறார், சீனா நம் எல்லைக்குள் வந்து உட்கார்ந்திருக்கும்போது பாதுகாப்பைக் கோட்டை விட்டுவிட்டார். ஒவ்வொரு வரியும் 'குற்றம் சாட்டுகிறேன்' என்ற தொனி. அந்தக் காலத்து விவாதத் தொகுப்புகளின் படப்பிரதிகள் நாடாளுமன்ற நூலக இணையதளத்தில் கிடைக்கின்றன. மங்கலான எழுத்து, பக்கத்துக்கு இரண்டு பத்தி, வரிக்கு வரி குறுக்கீடு. காங்கிரஸ் உறுப்பினர்களிலேயே பல பேருக்கு மேனனைப் பிடிக்காது என்பதால், ஆளும் வரிசையிலும் ரகசியமாகத் தலையாட்டியவர்கள் இருந்தார்கள்.

இங்கே ஒரு விஷயம். ராணுவச் செலவு ஏறிக்கொண்டே போகிறது, காந்தி பிறந்த நாடு இப்படிச் செய்யலாமா, குறையுங்கள் என்று ஐம்பதுகளின் பிற்பாதியில் இதே மக்களவையில் வருத்தப்பட்டவரும் இதே கிருபளானிதான். இதைச் சொல்லி அவரை மட்டம் தட்ட நான் வரவில்லை. 1957-க்கும் 1961-க்கும் நடுவில் ஒரு சாலையும் இரண்டு துப்பாக்கிச் சூடும் இருந்தன, மனிதர் மனம் மாறலாம். ஆனால் எதிர்க்கட்சி எப்போதும் "இன்னும் கொடு, இன்னும் கொடு" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தது, அரசுதான் கஞ்சத்தனம் செய்தது என்று இப்போது சொல்கிறவர்கள் அந்தப் பழைய பக்கங்களையும் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும். அன்றைக்கு நாடாளுமன்றத்தில் ராணுவத்துக்கு அதிகம் செலவிட வேண்டும் என்பது பிரபலமான கருத்தே இல்லை.

மேனன் பக்கத்தில் சொல்ல என்ன இருந்தது? நிறைய இருந்தது. ஆயுதத்தை வெளிநாட்டில் வாங்கிக்கொண்டே இருந்தால் நாளைக்கு உதிரிபாகத்துக்குக் கையேந்த வேண்டும், நாமே செய்ய வேண்டும் என்பது அவர் பிடிவாதம். பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ. 1958-ல் அவர் காலத்தில் வந்தது. பெங்களூரில் ஜெர்மன் வடிவமைப்பாளர் குர்ட் டாங்க் உதவியோடு செய்த மாருத் போர் விமானம் 1961 ஜூனில் முதல் முறையாகப் பறந்தது. சைனிக் பள்ளிகள், ஜபல்பூரில் சக்திமான் லாரி, மிக்-21 ஒப்பந்தம் எல்லாம் அவர் கணக்கில் வருபவை. நம் ஆவடியும் அப்படித்தான். அங்கே கனரக வாகனத் தொழிற்சாலைக்கு 1961-ல் வித்திட்டார்கள், முதல் விஜயந்தா டாங்கி 1965 டிசம்பரில் வெளியே வந்தது. இன்று ஆவடிப் பக்கம் குடும்பம் குடும்பமாக அந்தத் தொழிற்சாலையை வைத்துப் பிழைக்கிறவர்களிடம் போய் 'மேனன் ஒன்றுமே செய்யவில்லை' என்று சொன்னால் சிரிப்பார்கள்.

ஆனால் தேதிகளைப் பாருங்கள். 1961-ல் வித்து, 1965-ல் டாங்கி. எல்லையில் பிரச்சினை 1959-லேயே தொடங்கிவிட்டது. பத்து வருடம் கழித்துப் பலன் தரும் மரத்தை நட்டுவிட்டு, இந்த வருட வெயிலுக்கு ஓலைப் பந்தல்கூடப் போடாத கதை. அதற்குள் அரசு ஆயுதத் தொழிற்சாலைகளில் காபி போடும் சாதனமும் பிரஷர் குக்கரும் செய்கிறார்கள் என்று வேறு கேலி கிளம்பியது. உபரித் திறனைப் பயன்படுத்துகிறோம் என்பது அரசுத் தரப்பு நியாயம். போரில் தோற்ற பிறகு அந்தக் காபி இயந்திரம்தான் எல்லோர் நினைவிலும் நின்றது. காலாட்படை சிப்பாயின் கையில் இருந்ததோ இரண்டாம் உலகப் போர்க் காலத்து .303 துப்பாக்கி. ஒரு முறை சுட்டால் தாழ்ப்பாளை இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டும்.

சரி, கிருபளானி பேசினார், என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. 1961 டிசம்பரில் கோவாவை ராணுவம் சுமார் ஒன்றரை நாளில் மீட்டது. மேனனின் புகழ் உச்சத்துக்குப் போனது. 1962 பிப்ரவரித் தேர்தலில் வடக்கு பம்பாயில் அவரை எதிர்த்துக் கிருபளானி நின்றார், மற்ற எதிர்க்கட்சிகள் அவர் பின்னால் வந்தன. உலகப் பத்திரிகைகள் எல்லாம் எட்டிப் பார்த்த தேர்தல் அது. நேருவே மேனனுக்காகப் பிரசாரம் செய்தார், நடிகர் திலீப்குமாரும் வந்தார். மேனன் லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். அதாவது, 'ராணுவம் தயாராக இல்லை' என்ற குற்றச்சாட்டை மக்கள் மன்றத்திலேயே வைத்துப் பார்த்தார்கள், மக்கள் அதைத் தள்ளிவிட்டார்கள். ராணுவத் தயார்நிலை என்பது ஓட்டு வாங்கித் தரும் விஷயம் இல்லை. ஜெயித்த போர் வாங்கித் தரும், அவ்வளவுதான். கோவாவில் எதிரே இருந்தது சில ஆயிரம் போர்ச்சுகல் வீரர்கள் என்பதையோ, இமயமலை வேறு கணக்கு என்பதையோ மேடையில் விளக்கி யாரும் கைதட்டு வாங்க முடியாது.

இப்போது அந்த மீதிப் பாதிக்கு வருகிறேன்.

1959-லிருந்து 1962 வரை நாடாளுமன்றத்தில் எல்லை பற்றி விவாதம் வந்தபோதெல்லாம் எதிர்க்கட்சிகள், அவர்களோடு காங்கிரஸ்காரர்களிலும் பலர், திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றைத்தான்: எத்தனை சதுர மைல் போயிற்று, எப்போது அவர்களை வெளியேற்றப் போகிறீர்கள்? நேரு அக்சாய் சின்னில் புல்கூட முளைக்காது என்று சொன்னதும், காங்கிரஸ் உறுப்பினர் மகாவீர் தியாகி தன் வழுக்கைத் தலையைக் காட்டி, 'இங்கேயும் ஒன்றும் முளைக்கவில்லை, இதையும் கொடுத்துவிடலாமா?' என்ற பொருளில் கேட்டதும் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிற கதை. நல்ல பதிலடிதான். ஆனால் அந்தத் தலையைக் காப்பாற்ற எத்தனை டன் அரிசியும் குண்டும் தினமும் மலையேற வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

இந்த நெருக்கடி சும்மா போகவில்லை. 1961 நவம்பரில் அரசு 'முன்னேறிக் காவல் சாவடி போடு' என்ற கொள்கைக்குப் போனது. சீனர்கள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலும் பின்னாலும் போய்ச் சின்னச் சின்னச் சாவடிகளாக உட்கார்ந்தால் அவர்கள் நகர்ந்துவிடுவார்கள், சுட மாட்டார்கள் என்று எண்ணினார்கள். வரைபடத்தில் குத்தூசி கூடிக்கொண்டே போனது, அமைச்சர் நாடாளுமன்றத்தில் இத்தனை சாவடி போட்டிருக்கிறோம் என்று சொல்ல முடிந்தது, கேட்டவர்களும் ஓரளவு அடங்கினார்கள். ஒவ்வொரு குத்தூசியும் விமானத்திலிருந்து போடும் மூட்டையை நம்பி இருக்கும் இருபது முப்பது பேர் என்பது வரைபடத்தில் தெரியாது. ஜெனரல் தோரட் போன்றவர்கள் கிழக்கு எல்லையில் பின்வாங்கி, சாலை எட்டும் இடத்தில் நின்று அடிக்கும் திட்டம் கொடுத்திருந்தார்கள். அது ஓரம் கட்டப்பட்டது. 1961 மே மாதம் திம்மையா ஓய்வு பெற்றபோது அவர் விரும்பிய தோரட் தளபதி ஆகவில்லை, தாப்பர் ஆனார்.

அதன் விளைவை ஒரே ஒரு இடத்தில் பார்த்தால் போதும். நம்கா சூ. இன்றைய அருணாசலப் பிரதேசத்தின் மேற்கு மூலையில் ஓடும் சின்ன ஆறு. 1962 ஜூனில் அங்கே தோலா என்ற சாவடி போட்டார்கள், செப்டம்பர் 8 அன்று சீனர்கள் அதன் தலைக்கு மேலே வந்து நின்றார்கள். அவர்களைத் துரத்து என்று டெல்லியிலிருந்து உத்தரவு. பிரிகேடியர் ஜான் தால்வியின் 7-வது காலாட்படைப் பிரிகேடு அங்கே போனது. சாலை முடிந்த இடத்திலிருந்து பல நாள் நடை, உயரமான கணவாய்களைத் தாண்டி. 2 ராஜ்புத், 1/9 கூர்க்கா பட்டாலியன் ஆட்கள் சமவெளியில் போட்டிருந்த அதே பருத்திச் சீருடையில், ஆளுக்கு ஒரு கம்பளியோடு, பையில் 50 தோட்டாவோடு வந்து சேர்ந்தார்கள். அக்டோபர் மாத இமயமலை. விமானம் போட்ட மூட்டைகளில் பெரும்பகுதி பள்ளத்தாக்கில் விழுந்து கைக்கு எட்டவில்லை. பீரங்கி என்று மேலே இருந்தது இரண்டு. ஆற்றின் அந்தப் பக்கம் சீனர்கள் தங்கள் சாலையிலிருந்து சாமான் இறக்குவதை நம் ஆட்கள் கண்ணாலேயே பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

அக்டோபர் 12 அன்று இலங்கைக்குப் புறப்பட்ட நேரு டெல்லி விமான நிலையத்தில் நிருபர்களிடம், நம் மண்ணிலிருந்து அவர்களை அகற்றும்படி படைக்கு உத்தரவு கொடுத்திருப்பதாகச் சொல்லிவிட்டுக் கொழும்புக்குப் பறந்தார். 20-ம் தேதி விடியற்காலையில் சீனர்கள் அடித்தார்கள். சில மணி நேரத்தில் பிரிகேடு இல்லை. 2 ராஜ்புத்தில் மட்டும் 282 பேர் இறந்தார்கள். தால்வி இரண்டு நாள் கழித்துச் சிறைபிடிக்கப்பட்டார். அந்தப் போர்முனைக்கென்று புதிதாக அமைத்த படைப்பிரிவின் தளபதி யார் என்றால், அதே பி.எம். கௌல். சண்டைக்குச் சில நாள் முன்னால் உடம்பு முடியாமல் டெல்லிக்கு வந்து, படுக்கையிலிருந்தே உத்தரவு கொடுத்துக்கொண்டிருந்தார். பதவி உயர்வு பற்றிக் கிருபளானி சொன்னது வெறும் டெல்லி வம்பு என்று நினைத்தவர்களுக்கு இங்கே பதில் கிடைத்தது.

ஆகவே கிருபளானி ஆளைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் அவரும் மற்றவர்களும் பொருளைப் பற்றிக் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. அந்த உயரத்துக்குத் தேவையான பனிக்கால உடை எத்தனை பேருக்கு இருக்கிறது, எல்லைச் சாலை எங்கே வரை லாரி போகிறது, ஒரு சாவடிக்கு எத்தனை நாள் சாப்பாடு, துப்பாக்கியை மாற்றும் வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது? இப்படி நாலு கேள்வியை மூன்று வருடம் விடாமல் கேட்டிருந்தால், 'முன்னேறு' என்ற கூச்சலுக்கே ஒரு தடை விழுந்திருக்கும் என்பது என் கணிப்பு. பதிலாக, படை இல்லாத இடத்துக்குப் படையை அனுப்பு என்று அரசைத் தள்ளியதில் எதிர்க்கட்சிக்கும் பங்கு உண்டு. இதைச் சொன்னால் இரண்டு பக்கத்துக்காரர்களுக்கும் பிடிக்காது.

எதிரிக்குத் துப்பு என்ற முதல் கேள்விக்கும் 1962-லேயே பதில் இருக்கிறது. போர் நடந்துகொண்டிருக்கும்போதே நாடாளுமன்றத்தைக் கூட்டு என்று கேட்டவர் 37 வயது வாஜ்பாய். கூட்டத்தொடர் முன்கூட்டியே, நவம்பர் 8 அன்று தொடங்கியது. அதை ரகசியக் கூட்டமாக வைக்கலாம் என்று சுயேச்சை உறுப்பினர் எல்.எம். சிங்வி யோசனை சொன்னார், நேரு ஏற்கவில்லை. நாட்டுக்கே அக்கறையுள்ள விஷயம், வெளிப்படையாகவே பேசலாம் என்றார். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் பேசினார்கள், பலர் அரசைக் கிழித்தார்கள். அதற்குள் மேனன் பதவி போய்விட்டது. அக்டோபர் 31 அன்று பாதுகாப்புத் துறையைப் பறித்து, பாதுகாப்பு உற்பத்தியை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள், காங்கிரஸ் எம்.பி.க்களே விடவில்லை, நவம்பர் 7-ல் முழுதாக விலகினார். பாதுகாப்பு அமைச்சராகச் சவாண் வந்தார், நம் டி.டி. கிருஷ்ணமாச்சாரிக்குப் பொருளாதார, பாதுகாப்பு ஒருங்கிணைப்பு என்று புதிதாக ஒரு துறை உருவானது. நேருவை ஆயிரம் குறை சொல்லலாம், ஆனால் தோற்றுக்கொண்டிருக்கும் வாரத்தில் சபையில் உட்கார்ந்து திட்டு வாங்கியதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. 2020-ல் கல்வான், 2022 டிசம்பரில் அருணாசலின் யாங்சேயில் மோதல் என்று எல்லையில் பிரச்சினை வந்தபோது எதிர்க்கட்சிகள் முழு விவாதம் கேட்டன, கிடைக்கவில்லை, வெளிநடப்பு செய்தார்கள். அவர்கள் வாயிலெடுத்த உதாரணம் 1962 நவம்பர்தான்.

அந்தச் சமயத்தில் தமிழ்நாட்டில் நடந்ததும் ஞாபகம் வைக்க வேண்டியது. விலைவாசிப் போராட்டத்துக்காகச் சிறையில் இருந்த அண்ணா வெளியே வந்ததும் போர் முயற்சிக்கு முழு ஆதரவு என்றார், திராவிட நாடு கோரிக்கையும் பின்னுக்குப் போனது. மாநிலத்தில் எதிர்க்கட்சியாக இருந்த தி.மு.க. போர் நிதி திரட்டியது. ராஜாஜியின் சுதந்திராக் கட்சியோ மேனனைத் தாக்கிக்கொண்டே இருந்தது. இரண்டுமே எதிர்க்கட்சி வேலைதான்.

விவரம் எங்கிருந்து கிடைக்கிறது என்ற கேள்விக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு உதாரணம் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே இது நீதிமன்ற வாசல் வரை போனது. முப்பதுகளில் சர்ச்சில் பதவியில்லாமல் பின்வரிசையில் உட்கார்ந்து ஜெர்மன் விமானப்படை எண்ணிக்கையைப் புட்டுப் புட்டு வைத்தார். எல்லாம் உளவு, வெளியுறவுத் துறைகளில் இருந்த மனம் பொறுக்காத அதிகாரிகள் கொடுத்தது. 1935 மே மாதம் மூத்த அமைச்சர் பால்ட்வின் தன் கணிப்பு தவறு என்று சபையிலேயே ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. 1938-ல் சர்ச்சிலின் மருமகன் டங்கன் சாண்டிஸ், இவரும் ஆளுங்கட்சி எம்.பி.தான், விமான எதிர்ப்புப் பீரங்கிகளின் பற்றாக்குறை பற்றி எண்ணிக்கையோடு ஒரு கேள்வி எழுதி அமைச்சருக்கு அனுப்பினார். எண்ணிக்கை சரியாக இருந்தது, அதுதான் அவர் செய்த தப்பு. அரசு ரகசியச் சட்டத்தைக் காட்டி மிரட்டினார்கள், அது உறுப்பினர் உரிமைப் பிரச்சினையாகிச் சபை கொதித்தது.

நம் நாட்டில் இப்போது இவ்வளவு ரகசியமாகப் போக வேண்டியதில்லை. 1993 முதல் பாதுகாப்புக்கென்று நாடாளுமன்ற நிலைக்குழு இருக்கிறது. துணைத் தளபதிகள் வந்து உட்கார்ந்து என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று சொல்கிறார்கள், பெரும்பகுதி அறிக்கையாக அச்சிலேயே வருகிறது. அப்புறம் அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சிஏஜி. 2017-ல் வந்த தணிக்கை அறிக்கை 152 வகை வெடிபொருளில் 61 வகை பத்து நாள் சண்டைக்குக்கூடப் போதாது என்றது. இருக்க வேண்டியது 40 நாள் கையிருப்பு. 2018 மார்ச்சில் நிலைக்குழு முன் வந்த ராணுவத் துணைத் தளபதி, நம் தளவாடங்களில் 68 சதவீதம் பழையவை என்று சொன்னார். நவீனமயமாக்கலுக்குக் கிடைத்தது 21,338 கோடி, ஏற்கெனவே வாங்கியதற்குக் கொடுக்க வேண்டிய தவணை மட்டுமே 29,033 கோடி என்றார். மளிகைக் கடைப் பாக்கியை அடைக்கவே சம்பளம் போதாத வீட்டில் புதுச் சாமான் எங்கே வாங்குவது? அந்தக் குழுவின் தலைவர் எதிர்க்கட்சிக்காரர் இல்லை. ஆளும் பா.ஜ.க.வின் கந்தூரி, முன்னாள் மேஜர் ஜெனரல். அதே செப்டம்பரில் தலைவர் மாறிவிட்டார்.

இன்னொரு பக்கம், அதே 2018-ல் அந்த ஆண்டு மானியக் கோரிக்கைகள் அத்தனையும், பாதுகாப்பு உட்பட, அமளிக்கு நடுவே விவாதமே இல்லாமல் 'கில்லட்டின்' முறையில் சில நிமிடங்களில் நிறைவேறின. வெட்டுத் தீர்மானம் என்ற ஆயுதம் எதிர்க்கட்சி கையில் இருக்கிறது. ஒதுக்கீட்டை ஒரு ரூபாய் ஆக்கு என்றால் கொள்கைக்கு எதிர்ப்பு, நூறு ரூபாய் குறை என்றால் குறிப்பிட்ட ஒரு குறையைப் பேச வேண்டும் என்று அர்த்தம். அதைப் பேச எழுந்திருக்க வேண்டிய நேரத்தில் பதாகையோடு சபை நடுவில் நின்றால் என்ன செய்வது? இது எந்தக் கட்சி எதிரே உட்கார்ந்தாலும் நடப்பதுதான்.

மொத்தத் தொகையை மட்டும் வைத்துப் பேசுவதும் என்னைப் பொறுத்தவரை நேர விரயம். 2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு 6.81 லட்சம் கோடி. அதில் ஓய்வூதியம் மட்டும் 1.61 லட்சம் கோடி, ஆயுதம், விமானம், கப்பல் எல்லாம் வாங்குகிற மூலதனச் செலவு 1.80 லட்சம் கோடி. 'போன வருடத்தைவிட இத்தனை சதவீதம் கூட்டிவிட்டோம்' என்று அமைச்சர் சொன்னால், எந்த வரியில் கூடியது என்பதுதான் அடுத்த கேள்வி. 1963-ல் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் பாதுகாப்புக்கு 867 கோடி ஒதுக்கினார், முந்தைய பட்ஜெட்டைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். யாரும் காந்தி பெயரைச் சொல்லித் தடுக்கவில்லை. அதற்குள் அரசுக் கணக்குப்படி 1,383 பேர் இறந்திருந்தார்கள், ஏறத்தாழ 1,700 பேரைக் காணவில்லை.

கேட்டதால் எதாவது மாறியதா? கிருபளானி 1963-ல் அம்ரோஹா இடைத்தேர்தலில் ஜெயித்துத் திரும்ப வந்தார். அந்த ஆகஸ்டில் இந்தியாவின் முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். ஆதரவு 62, எதிர்ப்பு 347. தோற்றது. ஆனால் நேரு அரசு நான்கு நாள் உட்கார்ந்து பதில் சொன்னது.

தோல்விக்கான காரணத்தை ஆராய ஹெண்டர்சன் புரூக்ஸ், பகத் என்ற இரண்டு அதிகாரிகள் எழுதிய அறிக்கை 1963-லேயே தயார். அதை இன்றுவரை எந்த அரசும் அதிகாரபூர்வமாக வெளியிடவில்லை. 2010-ல் பாதுகாப்பு அமைச்சராக இருந்த ஏ.கே. அந்தோணி, அதில் உள்ளவை இன்றைக்கும் ராணுவ முக்கியத்துவம் உள்ளவை என்று பதில் சொன்னார். 2014 மார்ச்சில் ஒரு பகுதி இணையத்தில் கசிந்தபோது, அப்போது மாநிலங்களவையில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அருண் ஜேட்லி, இத்தனை ஆண்டு கழித்தும் இதை ஏன் பூட்டி வைக்க வேண்டும் என்று எழுதினார். நல்ல கேள்வி. ஆட்சி மாறி, அதே ஆண்டு ஜூலையில் அதே மாநிலங்களவையில் அந்த அறிக்கையை வெளியிடுவீர்களா என்று கேட்டார்கள். பாதுகாப்பு அமைச்சர் எழுத்துபூர்வமாகக் கொடுத்த பதில்: வெளியிடுவது தேச நலனுக்கு உகந்ததல்ல. பாதுகாப்பு அமைச்சர் அப்போது அருண் ஜேட்லி.